தீம் பார்க்கில் எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

பல தீம் பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே விற்பதுதான் கதி. அதில் முதலில் தவிர்க்க வேண்டியது பிரெஞ்சு ஃபிரைஸ். பொரித்துக் குவித்து வைத்தால் உள்ளிருக்கும் ஆவி வெளியே வந்து மொறுமொறுப்பை ஊற வைத்துவிடும். போன முறை ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன், வாடிய கொத்தவரங்காய் மாதிரி தொங்கியது. விலையைச் சொன்னால் வயிறு எரியும். மைக்ரோவேவில் சூடாக்கித் தரும் பீட்சாவும் அப்படித்தான்: ஆறினால் ரப்பர். மதியம் 3 மணிக்கு மேல் ஃபிரைடு ரைஸ் வேண்டவே வேண்டாம்.

கண்ணெதிரே தோசை வார்க்கிறார்களா? வரிசை நீளமானாலும் நில்லுங்கள். தயிர் சாதமும் அநேகமாக ஏமாற்றாது. அப்புறம், ராட்சத ராட்டினம் ஏறுவதற்கு முன்னால் எண்ணெய் சொட்டும் பஜ்ஜி... உங்கள் இஷ்டம்.