பக்கவாட்டில் நகரும் பலகம்: விரலோடு மல்லுக்கட்ட வேண்டாம்

நாச்சியார்கோயிலில் ஒரு குத்துவிளக்குக் கடைக்கு இணையதளம் செய்தபோது, விளக்குகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் பலகம் ஒன்றை முகப்பில் வைத்தேன். என் கணினியில் நன்றாகவே ஓடியது. கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி தன் போனில் கட்டைவிரலால் தள்ளினார். பலகம் கொஞ்சம் தயங்கி, இரண்டு விளக்கைத் தாண்டிப் போய் நின்றது. "தம்பி, நான் பார்க்க வந்த விளக்கு எங்கே?" என்றார்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு அதுதான். விரல் எங்கே தொட்டது, எவ்வளவு இழுத்தது என்று பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நாமே கணக்குப் போட்டு நகர்த்துகிறோம். விலை குறைந்த போன்களில் அந்தக் கணக்கு விரலுக்குப் பின்னால்தான் ஓடிவரும். இந்த வேலை உலாவிக்கே தெரியும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், விளக்குகள் எல்லாம் இருக்கும் பெட்டிக்கு மூன்று வரி: வரிசையாக வைக்க டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், பக்கவாட்டில் உருட்ட ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ, சரியான இடத்தில் நிறுத்த ஸ்க்ரோல்-ஸ்னாப்-டைப் எக்ஸ் மேன்டேட்டரி. ஒவ்வொரு விளக்கையும் தாங்கும் அட்டைகளுக்கு ஸ்க்ரோல்-ஸ்னாப்-அலைன் ஸ்டார்ட். இவ்வளவு போதும், ஒவ்வொரு அட்டையும் தன் இடத்தில் வந்து நிற்கும். அட்டையைச் சுருங்கவிடும் ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்கைப் பூஜ்யமாக்க மறந்தால் மட்டும் எல்லா அட்டைகளும் நெருக்கியடித்து ஒல்லியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டை அம்புக்குறிப் பொத்தான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வெறும் பெட்டியான டிவ்வில் செய்யாமல் எச்டிஎம்எல்லின் நிஜமான பட்டன் குறியில் செய்தால் விசைப்பலகையிலும் இயங்கும்.

அடுத்தது படம். சதுர அட்டையில் உயரமான விளக்கை வைத்து அட்டையை நிரப்பப் படத்தை வெட்டும் ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர் கொடுத்தால், உச்சியில் இருக்கும் அன்னத்தின் தலை போய்விடும். நாச்சியார்கோயில் விளக்கில் அன்னம் இல்லாமல் என்ன இருக்கிறது? படத்தை முழுதாகக் காட்டும் கன்டெய்ன் கொடுங்கள், பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் இருக்கட்டும். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் குறியிலேயே எழுதிவிட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காது.

தமிழ் எழுத்துக்கென்றே ஒரு தவறு உண்டு. 'காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்த்தது' என்று அட்டையில் எழுதியிருந்தேன். வரி உயரமான லைன்-ஹைட் 1, வெளியே நீள்வதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன். 'ரி'யின் மேல்விலங்கு பாதி வெட்டுப்பட்டது. 'த்து'வின் அடிப்பகுதியும் காணோம். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவை அப்படியே எடுத்தால் இப்படித்தான் ஆகும். லைன்-ஹைட்டை 1.6 வரை கொடுங்கள். நீளமான சொற்கள் அட்டையை விட்டு வெளியே போகாமல் இருக்க ஓவர்ஃப்ளோ-ராப்பும் வேண்டும்.

தானாக ஓடும் பலகத்தை வாடிக்கையாளர்கள் ஆசையாகக் கேட்பார்கள். தயவுசெய்து பேசிப் பாருங்கள். வயதானவர் விலையைப் படித்து முடிப்பதற்குள் அட்டை நகர்ந்துவிடும். 5 நொடிக்கு மேல் தானாக நகர்வது எதுவானாலும் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. எனும் இணைய அணுகல் வழிகாட்டியே சொல்கிறது.

பலகத்தின் அகலத்துக்கு, திரையின் முழு அகலத்தைக் குறிக்கும் 100 விடபிள்யூ போடாதீர்கள். கணினியில் செங்குத்து உருள்பட்டையின் அகலமும் அதில் சேர்ந்து, பக்கம் முழுவதும் ஆடும். 100 சதவீதம் சரியாக இருக்கும்.

கடைசியாக நான் மாற்றியது அட்டையின் அகலம். போனில் முழுத்திரைக்கும் ஒரே விளக்கு தெரிந்தால், இன்னும் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. 85 சதவீதமாகக் குறைத்தேன். அடுத்த விளக்கின் விளிம்பு வலது ஓரத்தில் தெரிந்ததும், கடைக்காரரின் கட்டைவிரல் யாரும் சொல்லாமலே அதை இழுத்தது.