கிரேக்க ஜாடியைப் பார்ப்பது எப்படி

அருங்காட்சியகத்தில் கிரேக்க ஜாடியின் முன் நின்றதும் பலரும் புராண வீரர்களான ஹெராக்ளீஸ் எங்கே, அக்கிலீஸ் எங்கே என்று கதையைத்தான் தேடுகிறார்கள். கதை பெரும்பாலும் விளக்கப் பலகையிலேயே இருக்கும். முதலில் மேற்பரப்பைப் பாருங்கள்.

உருவம் கறுப்பாகவும் பின்னணி செம்மண் நிறமாகவும் இருந்தால் அது கறுப்புருவ முறை. மாறி இருந்தால் செவ்வுருவ முறை, ஏதென்ஸில் கி.மு. 530–520 வாக்கில் பிறந்தது.

அந்தக் கறுப்பு சாயமல்ல. அதே களிமண்ணைக் கரைத்து, தெளியவைத்து, மிக நுண்ணிய துகள்களை மட்டும் எடுத்த குழம்பு. சூளையில் காற்றோட்டத்துடன் சுமார் 800 டிகிரி வரை சுட்டால் கலம் முழுக்கச் சிவக்கும். பிறகு காற்றை அடைத்து, ஈர விறகிட்டு, 900 டிகிரியை ஒட்டிச் சுட்டால் முழுக்கக் கறுக்கும். சூடு தணிகையில் மறுபடி காற்றை விட்டால் நுண்துளையுள்ள மண் திரும்பச் சிவக்கும். குழம்பு பூசிய இடமோ இறுகிவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். பூச்சு மெலிந்த இடத்திலும் சூடு எட்டாத இடத்திலும் கறுப்பு செம்பழுப்பாகிவிடும். அப்படிப்பட்ட திட்டுகளைத் தேடிப் பாருங்கள். குயவர் தோற்ற இடம் அது, ஆனால் அவர் வேலை செய்த விதம் அங்கேதான் தெரியும்.

அடுத்து, சற்றுக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். கறுப்புருவத்தில் உள்விவரங்கள் கூர்முனையால் கீறியவை. பெண்களின் தோலுக்கு வெள்ளை பூசியிருப்பார்கள், அது பல இடங்களில் உதிர்ந்திருக்கும். செவ்வுருவத்தில் முக்கியக் கோடுகள் நூல் ஒட்டியதுபோல் புடைத்து நிற்கும். தசை மடிப்புகள் நீர்த்த குழம்பில் தேன் நிறமாகத் தெரியும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் வரைவதற்குமுன் அழுத்திய மாதிரிக்கோடுகூடச் சிலவற்றில் புலப்படும். உருவத்தின் கை முதலில் வேறிடத்தில் இருந்திருக்கும்!

ஜாடியில் உள்ள கிரேக்க எழுத்துகளில் மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்: ‘எபோயெசென்’ செய்தான், ‘எக்ராப்சென்’ வரைந்தான், ‘காலோஸ்’ அழகன். வத்திக்கானிலுள்ள, எக்ஸேகியாஸ் என்ற ஓவியரின் ஜாடியில் அக்கிலீஸும் அஜாக்ஸும் காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். வாயருகே, அவர்கள் சொல்வதாக, ‘நான்கு’, ‘மூன்று’ என்று எழுதியிருக்கிறது.

பளபளப்பில்லாத கறுப்புத் திட்டு பிற்காலத்தில் செப்பனிட்ட இடமாக இருக்கலாம். அங்குள்ள முகத்தை வைத்து ஓவியரை எடைபோடாதீர்கள். புளோரன்சிலுள்ள ‘பிரான்சுவா ஜாடி’ என்ற புகழ்பெற்ற கிரேக்க ஜாடியை 1900இல் ஓர் அருங்காட்சியகக் காவலர் 638 துண்டுகளாக உடைத்தார், பிறகு ஒட்டினார்கள்.

கடைசியாகப் பலகையில், எங்கே கிடைத்தது என்ற வரி. ஏதென்ஸில் செய்த பல ஜாடிகள் இத்தாலியில், எட்ருஸ்கர் என்ற பண்டைய மக்களின் கல்லறைகளில்தான் கிடைத்தன. இடமே குறிப்பிடப்படவில்லை என்றால், எந்த ஆண்டு வாங்கியது என்று பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் வாங்கிய ஓவியர் யூஃப்ரோனியோஸின் கலம், கல்லறையில் திருடப்பட்டது என்பதால் 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது.