நட்டஈடு கேக்கப் போறீங்களா, முதல்ல திகதியப் பாருங்க

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா, மார்க்கெட் பக்கம் நடந்த அடிபிடியில கை முறிஞ்சு, அடிச்சவருக்கு எதிரா மஜிஸ்ட்ரேட் கோட்டில ஓடுற கேஸ் முடியட்டும் பிறகு நட்டஈடு கேப்பம் எண்டு தவணைக்குத் தவணை கோட்டுக்குப் போய் வந்தவ. மூணு வருசம் கழிச்சு லோயரிட்ட போனா, அவர் ஆஸ்பத்திரியில குடுத்த டயக்னோசிஸ் கார்டில இருந்த திகதியில விரல வச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

முதல் வேலை, சம்பவம் நடந்த திகதிய ஃபோன்ல போட்டு வைங்க. பொலிஸில என்ட்றி (முறைப்பாடு) போட்ட திகதி இல்ல, தீர்ப்பு வந்த திகதியும் இல்ல, அடி விழுந்த திகதி. என்ட்றிப் பிரதி, கார்ட், மருந்து பில் எல்லாம் ஒரே ஃபைல்ல கிடக்கட்டும், பில் எழுத்து கெதியா மங்கிப்போகும், கையோட போட்டோகொப்பி எடுங்க.

ரெண்டாவது, அடிச்சவரிட்ட நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போட ரெண்டே ரெண்டு வருசம்தான். இது இலங்கையில 1871ல வந்த சட்டம், வழக்குப் போடுற இந்தக் கால எல்லைய லோயர்மார் பிறிஸ்கிறிப்ஷன் எண்டுவாங்க, நான் முதல்ல டொக்டர் எழுதுற துண்டு எண்டுதான் நினைச்சன். மஜிஸ்ட்ரேட் கோட்டில கேஸ் ஓடுது எண்டதுக்காக இந்த ரெண்டு வருசம் நிக்காது, அக்கா பிழை விட்டது இதிலதான். பாதிக்கப்பட்டது சின்னப் பிள்ளையெண்டா 18 வயசு முடிஞ்சாப் பிறகுதான் கணக்கு. லோயருக்குக் காசில்லையெண்டா எங்கட ட்றிங்கோவிலயே (திருகோணமலை) சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு உதவி செய்வாங்க.

மூணாவது, குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தா தண்டனையோட சேர்த்து நட்டஈடும் கட்டச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் இருக்கு (1979ம் ஆண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 17ம் பிரிவு). கட்டாயமில்ல, அவர் விரும்பினாத்தான். அதால தண்டனை சொல்ல முதலே பில்லுகள பொலிஸ் மூலமோ லோயர் மூலமோ காட்டிருங்க.

கடைசியா, அடிச்சதே பொலிஸ் எண்டா கதை வேற, அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோட்) போக ஒரு மாசம்தான், ஆஸ்பத்திரியால வந்து படுத்தெழும்ப முதலே முடிஞ்சிரும். அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா அவங்கட விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது, 1996ம் ஆண்டுச் சட்டம் அப்பிடிச் சொல்லுது. ஆனா முறைப்பாடு குடுத்திட்டம் எண்டு வீட்டில இருந்தாக் காணாது, விசாரணை நடக்குது எண்டதுக்கு எழுத்தில ஒரு கடிதம் கேட்டு வாங்கி அதே ஃபைல்ல வைங்க.