பென்சில் ஓவியத்தை ஆயில் பெயின்டிங் ஆக்குவது எப்படி?

நோட்டில் ஒரு பென்சில் ஓவியம் நன்றாக வந்திருக்கிறது, அதை ஆயிலில் கொண்டுவர ஆசை. சரி, ஆனால் வண்ண ட்யூபை இப்போதே திறக்க வேண்டாம். வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று முடிவு செய்யாமலே பலரும் நிறத்துக்குத் தாவிவிடுகிறார்கள், அப்புறம் எத்தனை முறை பூசினாலும் படம் எழும்புவதில்லை.

ஜன்னலோரம் இருக்கும் பித்தளைச் சொம்பு என்று வைத்துக்கொள்வோம். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே திட்டுகள் தெரியும். அவற்றை மட்டும் தீப்பெட்டி அளவில் நாலைந்து விதமாக வரைந்து பார்த்து, எது நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா, 1884-இல் தொடங்கிய 'லா கிராந்த் ஜாத்' ஓவியத்துக்காகக் கறுப்பு கான்டே கிரேயான் என்ற வரைகுச்சியில் பல படங்களும், சின்னப் பலகைகளில் ஆயில் முன்வரைவுகளும் செய்து பார்த்தார். அவ்வளவு தேர்ந்தவருக்கே தேவைப்பட்ட வேலை இது.

அடுத்து, கேன்வாஸுக்கு மாற்றுவது. 8×10 அங்குலப் படத்துக்கு 16×20 அங்குல கேன்வாஸ் எடுத்தால் விகிதம் மாறாது. படத்தின் ஜெராக்ஸில் 1 அங்குலக் கட்டங்கள், கேன்வாஸில் 2 அங்குலக் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகக் கரித்துண்டால் வரையுங்கள். பென்சில் வேண்டாம்: ஆயில் பூச்சு வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் ஒளி ஊடுருவும் தன்மை பெறும், மெல்லிய இடங்களில் பென்சில் கோடு மேலே தெரியலாம். பிறகு துணியால் லேசாகத் தட்டி உதிரும் கரியை எடுத்துவிடுங்கள்.

இப்போது பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு, ஒரே ஒரு நிறம். டர்பன்டைன் என்ற கரைப்பானில் நீர்க்கக் கரைத்து (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்) கேன்வாஸ் முழுக்கப் பூசி, வெளிச்சமான இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். சொம்பின் தோளில் மினுங்கும் புள்ளியை விரலில் துணியைச் சுற்றி ஒரே அழுத்தில் எடுக்கலாம். நிழல் பக்க விளிம்பு பின்னணி இருட்டோடு கலந்துபோனால் விட்டுவிடுங்கள். பென்சிலில் சுற்றிவர இழுத்த கோட்டை இங்கே காப்பாற்ற நினைத்தால் சொம்பு காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகிவிடும், கோட்டைக் கைவிடத் துணிவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது.

அது காய்ந்த பிறகு நிறம். யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை இவை போதும். இருட்டை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிமனாகவும் பூசுங்கள். ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும், கீழ்ப்பூச்சில் குறைவாக இருக்க வேண்டும். ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லக் கெட்டியாகிறது. எண்ணெய் மிகுந்த கீழ்ப்பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது மேற்பூச்சு இறுகிவிட்டால் வெடிப்பு விழும்.

இதே காரணத்தால், ஆயில் பெயின்டில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது, ஆக்சிஜனோடு சேரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வார்னிஷ் அடிக்க அவசரம் வேண்டாம். தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாட்களில் வந்துவிடும், ஆனால் உள்ளே காய்வதற்கு வழக்கமாக 6 மாதம் முதல் 1 வருடம் வரை விடுவார்கள்.