ஷிஃப்ட் மாறும்போது வரும் ரிஜெக்‌ஷன்: தீர்வு தேடும் கூட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு மெஷின் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். மதியம் இரண்டு மணிக்கு ஆள் மாறுகிறது. டூல் தேய்ந்ததால் காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆஃப்செட்டை, அதாவது டூல் நிற்கும் இடத்தைச் சரிசெய்யும் அளவை, மாற்றியிருப்பார். அடுத்து வருபவருக்கு அது தெரியாது. அவரும் தன் பங்குக்கு ஒரு திருத்தம் போடுவார். முதல் சில பீஸ்கள் அளவு தவறி ரிஜெக்‌ஷனுக்குப் போய்விடும். இதற்கு வழி தேடிக் கூட்டம் போட்டால், "இனிமேல் எல்லோரும் கவனமாக இருக்கணும்" என்பதோடு பெரும்பாலும் கலைந்துவிடும். மறுவாரமும் அதே ரிஜெக்‌ஷன்.

கேள்வியை வைக்கும் விதத்திலேயே தவறு தொடங்குகிறது. "செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் லாக் புக்கைப் பார்ப்பதே இல்லை, என்ன செய்யலாம்?" என்று ஆரம்பித்தால் அவர்கள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே நேரம் சரியாகிவிடும். "இரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில் வரும் ரிஜெக்‌ஷனை எப்படிக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். யாருடைய பெயரும் அதில் இல்லை, அளந்து பார்க்கவும் முடியும்.

காரணத்தைத் தோண்டாமல் தீர்வுக்குத் தாவுவது அடுத்த தவறு. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ வலியுறுத்திய 'ஐந்து முறை ஏன்' என்ற பழக்கம் இங்கே கைகொடுக்கும். மாற்றியதை ஏன் சொல்லவில்லை? நேரமில்லை. ஏன் நேரமில்லை? கம்பெனி பஸ் உடனே கிளம்பிவிடும். பஸ்ஸை விட்டால் கைக்காசு செலவழித்து ஊர் போய்ச் சேர வேண்டும். வருகிற ஷிஃப்ட் ஆட்களின் பஸ்ஸோ இரண்டு மணிக்குத்தான் கேட்டுக்குள் நுழைகிறது. இருவரும் மெஷின் முன்னால் சேர்ந்து நிற்க இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் லாக் புக்கில் இன்னொரு பத்தியைக் கூட்டுவதால் என்ன பயன்?

இந்த பஸ் விஷயம் ஆபரேட்டர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கூட்டமோ காலை பதினொரு மணிக்கு, சூப்பர்வைசர்களையும் இன்ஜினியர்களையும் மட்டும் வைத்து நடக்கும். நைட் ஷிஃப்ட் ஆள் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கூப்பிடும் வழக்கமே பல இடங்களில் இல்லை. பிரச்சினையைத் தினமும் தொட்டு வேலை செய்பவர்கள் இல்லாத அறையில் பிறக்கும் யோசனை, ஷாப் ஃப்ளோரில் ஒரு வாரம் தாங்கினாலே அதிசயம். எல்லா ஷிஃப்டிலிருந்தும் ஒருவராவது வர வேண்டும், அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கொடுத்தாவது.

சரி, ஆட்கள் வந்துவிட்டார்கள். இனி நடப்பதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு: மேனேஜர் முதலில் பேசிவிடுகிறார். "எனக்குத் தோன்றுவது என்னவென்றால்..." என்று அவர் ஆரம்பித்த மறுநொடியே மற்றவர்கள் சிந்தனை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. சாரே சொல்லிவிட்ட பிறகு மாற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? நல்ல மனதுள்ள மேனேஜர்களும் இதைச் செய்கிறார்கள். பேச்சைத் தொடங்கி வைப்பதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். அவர் கடைசியாகப் பேசட்டும்.

அதற்காக மற்றவர்களை உடனே பேச விட்டுவிடவும் வேண்டாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1958-ல் ஓர் ஆய்வு வந்தது. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன யோசனைகளையும், நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைக் கூட்டிச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். தனியாக யோசித்தவர்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் இருந்தன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது இதற்கு முக்கியக் காரணம் என்று 1987-ல் டீல், ஸ்ட்ரோப என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். காத்திருக்கும்போது தன் யோசனை மறந்துபோகும், இல்லை சொல்லத் தகுதியில்லாததாகத் தோன்றிவிடும்.

எனவே முதலில் எழுத வேண்டும். ஜெர்மனியில் 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் ஒரு முறையை முன்வைத்தார்: ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். எழுதிய தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்து அதன் மேல் மூன்று சேர்ப்பார். இப்படி ஆறு சுற்று போனால், அரை மணியில் 108 யோசனைகள் வரை சேரும். அவ்வளவு தேவையில்லை என்றால், ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, பெயர் இல்லாமல், தமிழில். எழுதத் தயங்குபவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொடுக்கலாம். ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயத்தில் வாய்மூடி இருந்தவரின் சீட்டில்தான் பல சமயம் விஷயம் இருக்கும்.

யோசனைகள் வரும்போது குறை சொல்லக்கூடாது என்ற விதியைப் பலரும் அறிவார்கள். கடைசிவரை அப்படியே இருந்துவிடுவதும் தவறுதான். சீட்டுகளைச் சேர்த்து முடித்ததும் ஒவ்வொன்றையும் கறாராகப் பார்க்க வேண்டும். இது நம் கையில் இருக்கிறதா? பஸ் நேரத்தை மாற்றுவது எச்.ஆர். கையில் இருக்கிறது, கேட்டுப் பதில் வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை மெஷின் பக்கத்தில் ஒரு சிறிய போர்டு மாட்டி, மாற்றிய ஆஃப்செட்டையும் கடைசி பீஸின் அளவையும் எழுதுவது இன்றே முடியும்.

அதையும் எல்லா மெஷினிலும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மெஷினில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். போர்டுக்கு யார் பொறுப்பு, ரிஜெக்‌ஷனை யார் எண்ணுவது என்பதைக் கூட்டத்திலேயே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். எடுத்துக்கொள்ளாத யோசனைகளையும் அதற்கான காரணத்தையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். அப்போதுதான் சீட்டு எழுதியவர்கள் அடுத்த கூட்டத்திலும் எழுதுவார்கள்.