வாட்ச் கேட்கும் 10,000 ஸ்டெப்பும் அம்மாவின் முழங்காலும்

வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றி வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். என் அம்மாவின் நடைக்கு அது சுமார் 2,000 ஸ்டெப். அம்மாவுக்கு வயது 63, பல வருடமாகச் சுகர், வலது முழங்காலில் தேய்மானம். போன வருடம் நான்தான் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிட்டேன். போனோடு இணைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அதில் இலக்கு 10,000 என்று இருந்ததை மாற்றவில்லை. அம்மா தினமும் காலையில் மூன்று சுற்று, சாயங்காலம் இரண்டு சுற்று போனார். மூன்றாவது வாரம் முழங்கால் வீங்கி மாடிப்படி ஏற முடியவில்லை. "ஏம்மா இவ்வளவு நடந்தீங்க?" என்று கேட்டால், "வாட்சு கேக்குதுல்லய்யா" என்றார்.

வாட்சில் வரும் எண்ணை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு மாதிரி நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். 1965-இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஒரு ஸ்டெப் மீட்டரை விற்றது. அதன் பெயர் 'மன்போ-கெய்'. பத்தாயிரம் காலடி மீட்டர் என்று பொருள். 10,000 அங்கிருந்து பரவியதுதான், மருத்துவ ஆய்வு எதுவும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2019-இல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான சுமார் 16,700 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அம்மா வயதுக்காரர்களுக்கு இது எவ்வளவு ஆறுதலான செய்தி!

அப்படியானால் நமக்கு எவ்வளவு? முதல் ஒரு வாரம் இலக்கைப் பார்க்காமல் வழக்கம்போல இருங்கள். ஏழு நாள் கணக்கைக் கூட்டிச் சராசரி எடுங்கள். 2,800 வந்தால் அடுத்த வாரம் 3,300 வையுங்கள். உடம்பு ஏற்றுக்கொண்டால் இன்னொரு 500. மூட்டு வலிக்காரர்களுக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: நடந்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும், நடப்பதற்கு முன் இருந்ததைவிட வலி கூடுதலாக இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். சில வாட்சுகள் நேற்று அதிகம் நடந்தால் இன்றைய இலக்கைத் தானாகவே ஏற்றிவிடும். பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலம் போய்வந்த மறுநாள் அந்த வேலை நடக்கும். அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

கிரிவலம் என்றதும் சுகர்காரர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுகர் நீண்ட நாள் இருந்தால் பாதம் மரத்துப்போகலாம். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது, அது புண்ணாகி ஆறாமல் இழுக்கும். வாட்ச் ஸ்டெப்பை மட்டும் எண்ணும், உள்ளங்காலைப் பார்க்காது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் புரட்டாசி சனிக்கிழமை விரதத்தோடு இலக்கையும் முடிக்கப் போனால் லோ சுகர் ஆகலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் வேகமாக நடந்த களைப்பு மாதிரியே இருக்கும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். சந்தேகம் வந்தால் நின்றுவிடுங்கள். சுகர் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். பையில் கடலைமிட்டாய் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும், அவசரத்துக்கு உதவாது.

அடுத்தது இதயத் துடிப்பு. 220-இலிருந்து வயதைக் கழித்து வாட்ச் ஓர் உச்ச அளவைப் போட்டுக்கொள்கிறது. 60 வயதுக்கு 160. மிதமான நடை என்றால் அதில் ஏறக்குறைய 64 முதல் 76 சதவீதம், அதாவது 102 முதல் 122. ஆனால் பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டினோலால் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மருந்துகளின் வேலையே துடிப்பைக் குறைப்பது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் அட்டினோலால் சாப்பிடுகிறார். வாட்ச் 'போதாது' என்று காட்டியதால் மூச்சு வாங்க வாங்க வேகம் கூட்டிக்கொண்டிருந்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவருக்கு அந்த வேகம் போதும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் துடிப்பு தானாகவே ஏறும். அந்த நாட்களில் ஆறு மணிக்கே கிளம்புங்கள், இலக்கையும் குறையுங்கள்.

கலோரிக் கணக்கை நம்பிக் கூடுதலாக இரண்டு பரோட்டா சாப்பிடாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். அதில் நன்றாக அளந்த கருவியே கலோரியில் 27 சதவீதம் தவறியது. ஸ்டெப் எண்ணிக்கையும் அப்படியே சரியாக இருக்காது. வாட்ச் உணர்வது கையசைவை. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் விட்டுவிடும், உட்கார்ந்து மல்லிகை கட்டினாலும் சில ஸ்டெப் சேர்ந்துகொள்ளும். வயது, உயரம், எடை, கட்டியிருக்கும் கை ஆகியவற்றைச் சரியாகப் பதிந்தால் பிழை கொஞ்சம் குறையும்.

காய்ச்சல் நாட்களில் இலக்கை நிறுத்தி வையுங்கள். தினமும் இலக்கை முடிக்கும் தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்று 101 டிகிரி காய்ச்சலோடு இரவு பத்து மணிக்கு அம்மா ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததைப் பார்த்த அன்றுதான் நான் டாக்டரிடம் அழைத்துப் போய் இலக்கையே மாற்றினேன்.

இப்போது அம்மாவின் வாட்சில் 4,500. காலையில் செருப்போடு தெப்பக்குளம் ஒரே ஒரு சுற்று. அப்புறம் மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகரை அந்தச் சின்ன நடை குறைக்கும் என்று டாக்டரும் சொன்னார். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடியில் துணி காயப்போடவும் அவரே ஏறிப் போகிறார்.