வளவை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்: மிரர்லெஸ் கேமரா புதிதாக வாங்கியவர்களுக்கு

கேமராவோடு வந்த கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் நடுக்கட்டு) நுழைந்தால் இரண்டு சிக்கல் உடனே தெரிந்துவிடும். முற்றத்தில் வெயில் கொட்டும், தூண்களுக்குப் பின்னால் உள்ள நடையில் இருட்டு. பின்னால் நகரலாம் என்றால் முதுகில் தூண் இடிக்கும். அந்த எரிச்சலில்தான் பலர் விற்பவர் நீட்டும் லென்ஸை வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். கேமரா பாடி நாலைந்து வருடத்தில் மாறும். நல்ல லென்ஸ் அதையும் தாண்டி நிற்கும். ஆகவே கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள்.

முதல் படி: எத்தனை மி.மீ. வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு டேப்பும் செல்போன் கால்குலேட்டரும் போதும். சூத்திரம் இதுதான்: படத்தில் அடங்கும் அகலம் = தூரம் × சென்சார் அகலம் ÷ லென்ஸின் மி.மீ. (லென்ஸின் மேல் எழுதியிருக்கும் குவியத் தூரம்). சென்சார் (படம் பதியும் சில்லு) பல அளவில் வரும்; ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. சோனி, நிக்கான், ஃபுஜியின் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5, கேனான் ஏபிஎஸ்-சி 22.3; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3.

திருப்பூட்டு (தாலி கட்டுதல்) நடக்கும் இடத்துக்கும் நீங்கள் நிற்கப்போகும் தூணுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை, பெண், பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் எல்லோரும் அடங்க 4 மீட்டர் அகலம் வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 3 × 36 ÷ 4 = 27 மி.மீ. ஏபிஎஸ்-சியில் 3 × 23.5 ÷ 4 = 17.6 மி.மீ. ஆக, ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸை மட்டும் கொண்டுபோனால் அந்த இடத்தில் 2 மீட்டர்தான் அடங்கும். பெரியவர்கள் வெளியே போய்விடுவார்கள். 'முதல் பிரைமாக 35 வாங்கு' என்ற பொது அறிவுரை முகப்பில் உட்கார்ந்திருப்பவரைத் தனியாக எடுக்கச் சரிவரும், வளவுச் சடங்குக்கு ஆகாது.

நகரத்தார் திருமணத் தாலியான கழுத்துருவை நெருக்கத்தில் எடுக்க வேண்டுமென்றால் கணக்கு வேறு. அங்கே மிகக் குறைந்த ஃபோகஸ் தூரமும், பொருள் தன் அளவில் எத்தனை மடங்காகச் சென்சாரில் விழுகிறது என்ற பெரிதாக்க அளவும்தான் முக்கியம். சோனியின் எஃப்ஈ 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 45 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, பெரிதாக்கம் 0.14 மடங்கு. 36-ஐ 0.14-ஆல் வகுத்தால் சுமார் 26 செ.மீ. அகலம். கழுத்துரு முழுவதும் வரும், ஒற்றை உருப்படியின் வேலைப்பாடு படத்தை நிறைக்காது. அதற்கு 0.5 மடங்காவது உள்ள மேக்ரோ லென்ஸ் தேவை, அதில் 7.2 செ.மீ. அகலம் படத்தை நிறைக்கும். சடங்கு நேரத்தில் இதை முயலாதீர்கள். முன்கூட்டியே கேட்டு, சாமி வீட்டு வாசல் வெளிச்சத்தில் தனியாக வைத்து எடுப்பதே சரி.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இதே கணக்கு. தடுப்புக்குப் பின்னால் 40 மீட்டரில் நின்று, காளையும் வீரரும் சேர்ந்த 4 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேமில் 360 மி.மீ., ஏபிஎஸ்-சியில் 235 மி.மீ. ஏபிஎஸ்-சி வைத்திருப்பவருக்கு 70-300 தாராளம். வேட்டங்குடிப் பறவைகளுக்கு அது பற்றாது. 50 மீட்டர் தள்ளி நிற்கும் நத்தைகுத்தி நாரையை ஏபிஎஸ்-சியில் 400 மி.மீ. கொண்டு எடுத்தாலும் படத்தின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர்; நாரை அதற்குள் சிறியதாகத்தான் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: வெளிச்சத்துக்குக் கணக்கு

கிட் லென்ஸில் முழுதாக ஜூம் செய்தால் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/5.6 ஆகிவிடும்; எண் கூடினால் துளை சுருங்கும். எஃப்/2.8 அதைவிட இரண்டு ஸ்டாப் அதிகம், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். நடையில் 1/125 நொடிக்கு எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 போதுமென்றால், எஃப்/5.6-இல் 6400 வைக்க வேண்டும். பட்டுப்புடவை ஜரிகையில் புள்ளி புள்ளியாக வருவது அதனால்தான்.

லென்ஸிலோ பாடியிலோ உள்ள ஸ்டெபிலைசேஷன் இதைத் தீர்க்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும் தாங்கும். ஆலாத்தி எடுக்கும் கை அசைவதை அது நிறுத்தாது. ஷட்டர் வேகம்தான் நிறுத்தும்.

விசேஷங்களுக்குப் போகிற ஏபிஎஸ்-சி பயனருக்கு முதலில் வேண்டியது எஃப்/2.8 ஜூம் ஒன்று. சிக்மா 18-50 எஃப்/2.8 வெறும் 290 கிராம் அளவில்தான், சோனி ஈ, ஃபுஜி எக்ஸ், கேனான் ஆர்எஃப், எல் மவுன்ட்களில் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு) வருகிறது, ஸ்டெபிலைசேஷன் கிடையாது. டேம்ரான் 17-70 எஃப்/2.8-இல் அது உண்டு, எடை 525 கிராம். சோனி ஈ, ஃபுஜி எக்ஸ் மவுன்ட்களில் கிடைக்கும். வீடியோவும் எடுப்பவர், பாடியில் ஸ்டெபிலைசேஷன் இல்லாதவர் என்றால் டேம்ரான். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிடுபவர் என்றால் சிக்மா. வீட்டு உள்கட்டடப் படங்களுக்கான அல்ட்ரா வைட் லென்ஸ் இரண்டாவதாக வரட்டும். அசையாத தூணையும் விட்டத்தையும் டிரைபாடில் வைத்து எடுக்கும்போது எஃப்/4 இருந்தாலே போதும்.

மூன்றாம் படி: மவுன்ட்

மவுன்ட் என்பது சம்பந்தம் மாதிரி. ஒரு குடும்பத்தோடு சேர்ந்தால் அதன் உறவுகளெல்லாம் கூடவே வரும். சோனியில் ஏபிஎஸ்-சிக்கும் ஃபுல் ஃபிரேமுக்கும் ஒரே ஈ மவுன்ட். மற்ற நிறுவனங்களின் லென்ஸும் நிறைய. கேனான் ஆர்எஃப் மவுன்ட் 2018-இல் வந்தது; சிக்மாவும் டேம்ரானும் உரிமம் பெற்று அதற்கு ஏபிஎஸ்-சி லென்ஸ்களை அறிவித்தது 2024-இல்தான், அதனால் பழைய லென்ஸ் சந்தையில் அவை குறைவு.

கேனான் எம்50 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் ஈஎஃப்-எம் மவுன்ட்டை நிறுவனமே நிறுத்திவிட்டது. ஆர்எஃப் லென்ஸ் அதில் ஏறாது, அதன் லென்ஸ் ஆர்எஃப் பாடியில் ஏறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈஎஃப்-எம் லென்ஸில் பெரிய பணம் போடாதீர்கள். பழைய ஈஎஃப் லென்ஸ் வாங்கினால் அடாப்டர் மூலம் எம்50-யிலும் ஓடும், நாளை ஆர்எஃப் பாடியிலும் ஓடும்.

நிக்கான் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய நிக்கான் லென்ஸை மிரர்லெஸ் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் ஆகும். 50 மி.மீ. 1.8டி போன்ற டி வகை லென்ஸ்கள் பாடிக்குள் இருக்கும் மோட்டாரை நம்பியவை. அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கல்யாண வீட்டில் அது நடக்காத காரியம்.

நான்காம் படி: பழைய லென்ஸைச் சோதிப்பது

மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிப் போய் நேரில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் சந்திக்கவும். கையில் உங்கள் பாடி, முழு சார்ஜ் உள்ள பேட்டரி, மெமரி கார்டு, டார்ச் இருக்கட்டும்.

முதலில் வெளியே பாருங்கள். ஃபில்டர் திருகும் வளையத்தில் நசுங்கல் இருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது. மவுன்ட்டில் உள்ள திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எதற்குத் திறந்தார் என்று கேளுங்கள். ஜூம் வளையம் முழுக்க ஒரே இறுக்கத்தில் சுழல வேண்டும். நடுவில் கரகரவென்றால் மணல் போயிருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி அங்கேதான் குடியேறும்.

பிறகு டார்ச். இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து சாய்வாக ஒளியடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். அடுத்து மாற்றிச் செய்யுங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலக் கிளை விட்டு ஓரத்திலிருந்து உள்ளே பரவினால் ஃபங்கஸ். கண்ணாடி மொத்தமும் பால் படிந்தது போல மங்கலாக இருந்தால் அதற்கு ஹேஸ் என்று பெயர். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப்போகும். இரண்டில் எது இருந்தாலும் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். சில லென்ஸ்கள் கழற்றும்போது அபெர்ச்சர் இலைகளைப் பாதி மூடிக்கொள்ளும். அப்போது இருபக்கமும் பொறுமையாகச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

லென்ஸைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே டக் டக்கென்று ஏதோ நகர்கிறதா? பயந்து நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள். லீனியர் மோட்டார் உள்ள பல லென்ஸ்களில் மின்சாரம் இல்லாதபோது ஃபோகஸ் கண்ணாடித் தொகுதி தளர்வாகத்தான் நிற்கும். கேமராவில் மாட்டி ஆன் செய்ததும் சத்தம் நிற்க வேண்டும். அப்போதும் நிற்கவில்லை என்றால்தான் பழுது.

அடுத்து, கண்ணாடிகள் நடுவில் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்ற சோதனை. பலர் தரையையோ செங்கல் சுவரையோ எடுத்துப் பார்ப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அதற்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் கேமரா அரை டிகிரி சாய்ந்தாலே ஒரு மூலை மங்கும். குற்றம் லென்ஸின் மேல் விழும். அதற்குப் பதில் வெட்ட வெளிக்கு வாருங்கள். ஊருணியின் எதிர்க்கரையில் தெரியும் கோபுரமோ செல்போன் டவரோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஷட்டரை 1/500-க்கு மேல் வைத்து, கோபுரத்தை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். ஒரு படம் நடுவில்; பிறகு கேமராவைத் திருப்பி அதே கோபுரத்தை நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து நான்கு படம். ஆக ஐந்து. கோபுரக் கலசத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலைகளும் நடுவைவிடச் சற்றே மென்மையாக, ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருந்தால் நல்ல லென்ஸ். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் குழைந்திருந்தால் கண்ணாடி விலகியிருக்கிறது. ஜூம் லென்ஸ் என்றால் இரு முனையிலும் இதைச் செய்யுங்கள். ஒரு முனையில் தேறி மறு முனையில் தோற்பது உண்டு.

கடைசியாக, எஃப்/2.8, 5.6, 11, 16 என்று ஒவ்வொன்றிலும் அபெர்ச்சர் மோடில் (ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்துகொள்ளும்) ஒரு படம். வெளிச்சம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எஃப் எண் கூடக்கூடப் படமும் வெளுத்துக்கொண்டே போனால் அபெர்ச்சர் இலைகள் மூடவில்லை என்று பொருள். நடந்து வரும் ஒருவரைத் தொடர் ஃபோகஸில் 20 படம் எடுத்துவிட்டால் மோட்டாரின் நிலையும் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: மாற்றிக்கொள்வதும் பணம் கொடுப்பதும்

கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டால் நேரடி விற்பனையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். கடைக்காரர் அதைச் சோதித்து, வைத்திருந்து, விற்று, சில மாதம் பொறுப்பும் ஏற்க வேண்டியிருக்கிறது, அது நியாயம். ஒரு பேச்சுக்கு, நேரடியாக 20,000 ரூபாய் போகும் லென்ஸுக்குக் கடை 15,000 தருகிறது என்றால், அந்த 5,000-க்குப் பதிலாகப் புதிய லென்ஸின் விலையில் எவ்வளவு இறங்குகிறார், எத்தனை மாத வாரண்டி தருகிறார் என்று சேர்த்துக் கணக்கிடுங்கள். பில், பெட்டி, இரு மூடிகள், ஹூட் நான்கும் இருந்தால் பேச்சு உங்கள் கையில். ஹூட் இல்லாமல் போனதும் பலர் விலையைத் தட்டுவார்கள். அதனால் ஹூட்டைத் தொலைக்காதீர்கள். கிட் லென்ஸை மட்டும் விற்க வேண்டாம். கிடைக்கும் பணம் சொற்பம், அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லே இல்லாமல் 'வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தது' என்று வரும் லென்ஸுக்கு இங்கே வாரண்டி எதிர்பார்க்க முடியாது; அந்த அளவுக்கு விலை குறைந்தால் மட்டும் யோசியுங்கள்.

முன்பணம் அனுப்பாதீர்கள். உங்கள் லென்ஸை நீங்கள் விற்கும்போது, வாங்குபவர் கியூஆர் கோடு அனுப்பி 'ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்றால் அது மோசடி. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யூபிஐ பின்னும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

லென்ஸை மாட்டி, நிறுவனத்தின் தளத்தில் ஃபர்ம்வேர் (லென்ஸை இயக்கும் மென்பொருள்) புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் தடுமாற்றம் பல நேரம் அதிலேயே சரியாகும்.

தேக்குப் பீரோவிலும் தோல் உறையிலும் லென்ஸை வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமும் தோலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஃபங்கஸுக்கு வேண்டியது இருட்டும் ஈரமும்தான். டிரை கேபினெட் வாங்க முடியாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத 10 லிட்டர் டப்பா, 200 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஆகியவை போதும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையே இருக்கட்டும். 60-ஐத் தாண்டினாலோ ஜெல் பச்சையாகிவிட்டாலோ, துணிப்பையிலிருந்து வெளியே எடுத்துத் தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அரிசி போடாதீர்கள், தவிட்டுத் தூள் லென்ஸுக்குள் போகும்.

ஏசி அறையிலிருந்து மழை நாளில் வெளியே வரும்போது லென்ஸைப் பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் பனி படியும். அதைத் துணியால் துடைத்தால் தூசியும் சேர்ந்து கீறும்.